மடக்குக் கத்தியோடு வெளிநாடு போகலாமா?

வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும்போது, சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியைப் பற்றிப் பலருக்கும் கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வரும். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, தளர்ந்த திருகாணியை முடுக்க என்று வருஷக்கணக்காகக் கூடவே இருந்த பொருள். வீட்டில் யாரைக் கேட்டாலும் "செக்-இன் பையில போட்டுடு, ஒன்றும் ஆகாது" என்பார்கள். அது பாதிதான் சரி. செக்-இன் பையில் போட்டால் கத்தி விமானம் ஏறிவிடும். இறங்கிய ஊரில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சட்டம்.

இதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலில் விமானப் பாதுகாப்பு: கத்தி எந்தப் பையில் போகலாம்? அடுத்தது சுங்கம்: அந்த வகைக் கத்தி நாட்டுக்குள்ளேயே வரலாமா? கடைசியாகத் தெரு: பொது இடத்தில் அதை உடம்பிலோ கைப்பையிலோ வைத்திருக்கலாமா? ஒவ்வொன்றையும் வெவ்வேறு துறை பார்க்கிறது. முதல் இரண்டைத் தாண்டிவிட்டோம், அதனால் மூன்றாவதும் சரிதான் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லையே என்ற வாதம் லண்டனிலோ டோக்கியோவிலோ போலீஸ்காரரிடம் எடுபடாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மூன்றாவது கட்டம் பழக்கமே இல்லாத ஒன்று. இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. பேனாக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் பையில் இருக்கும் கத்தியைச் சட்டத்தின் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை நமக்கு வந்ததில்லை.

சரி, விமானத்திலிருந்து தொடங்குவோம்.

2001 செப்டம்பர் 11 வரை அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தியைக் கையோடு கொண்டு போக முடிந்தது. அன்று விமானங்களைக் கடத்தியவர்கள் சிறு கத்திகளையும், அட்டைப்பெட்டி கிழிக்கும் பிளேடுகளையும் பயன்படுத்தினார்கள். அதன்பின் உலகம் முழுக்க விதிகள் இறுகின. 2013-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, சுமார் 6 சென்டிமீட்டர் வரையிலான சிறு மடக்குக் கத்திகளை மறுபடி அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்களும் பணியாளர் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். சில மாதங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் அமெரிக்காவில் கேபின் பையில் கத்திக்கு இடமில்லை. வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தி, பிளாஸ்டிக் கத்தி போன்றவைதான் விலக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதி வேறு. அலகு 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் கேபினில் தடை. கனடாவும் 2017 நவம்பரிலிருந்து 6 சென்டிமீட்டர் வரை விடுகிறது. ஆனால் அமெரிக்கா போகும் விமானங்களில் அதுவும் கிடையாது. இந்தியாவில் கேபினுக்குள் கத்தியே கூடாது. பிரிட்டனில் கூர்மையான, முனையுள்ள கத்திகளைக் கேபினில் ஏற்பதில்லை.

இப்போது ஒரு பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஜூரிச்சில் இருக்கும் சித்தப்பா ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சின்னச் சிவப்புக் கத்தியை அன்பளிப்பாகக் கையில் கொடுக்கிறார். 6 சென்டிமீட்டருக்குள்தான். ஜூரிச் விமான நிலையச் சோதனையில் அது தாண்டிவிடலாம். ஆனால் சென்னைக்கு நேர் விமானத்தில் வருபவர்கள் குறைவு. நடுவில் வளைகுடாவிலோ வேறெங்கோ விமானம் மாறுவார்கள். மாறும் இடத்தில் கைப்பை மறுபடி ஸ்கேனருக்குள் போகும். அங்கே அந்த ஊரின் விதிதான் செல்லும். ஜூரிச்சில் விட்டார்களே என்று சொல்லிப் பயனில்லை. பெட்டியோ ஏற்கெனவே சரக்கறைக்குப் போயிருக்கும். அன்பளிப்பைக் குப்பைத் தொட்டியில் போடுவதுதான் ஒரே வழி.

அதனால் என் கருத்து இதுதான்: 6 சென்டிமீட்டர் விதியை நம்பிக் கேபினில் கொண்டுபோகாதீர்கள், எந்த நாடாக இருந்தாலும். செக்-இன் பைக்குள், அலகை மடக்கி, உறையில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் கையைக் கிழிக்காதபடி சுற்றி வைப்பது விதி மட்டுமல்ல, மரியாதையும்கூட. ஏழு கிலோ கைப்பையோடு மட்டும் பறப்பவர் என்றால் கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று, பையின் சின்ன ஜிப்புகளைக் கிளம்பும் முன் தடவிப் பாருங்கள். போன மலையேற்றத்துக்கு எடுத்துப்போன பையையே கேபின் பையாக எடுக்கும்போது அடி ஜிப்பில் கத்தி ஒளிந்திருப்பது சர்வ சாதாரணம்.

அடுத்தது சுங்கம். இங்கே நீளம் பெரிதாகப் பேசப்படாது. கத்தி எந்த வகை என்பதுதான் பேச்சு. பொத்தானை அமுக்கினால் சடக்கென்று அலகு வெளியே வரும் பட்டன் கத்தி, கையை உதறினால் அலகு தானாக வந்து விழும் கத்தி, இரண்டு கைப்பிடிகள் சிறகுபோல் விரிந்து மூடும் பட்டாம்பூச்சிக் கத்தி, முஷ்டிக்குள் பிடித்து விரலிடுக்கில் அலகு நீட்டும் கத்தி, பேனா போலவோ பெல்ட் கொக்கி போலவோ வேடமிட்ட கத்தி என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங் எல்லாவற்றிலும் இவற்றில் பலவற்றைக் கொண்டுவருவதே குற்றம். பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் குற்றம்தான்.

தென்கிழக்கு ஆசியாவின் இரவுச் சந்தைகளில் இந்த வகைக் கத்திகள் பொம்மை மாதிரி அடுக்கி விற்கப்படுவதைப் பார்க்கலாம். விலையும் குறைவு. அங்கே வாங்கி, அடுத்த வாரம் லண்டனிலோ டொராண்டோவிலோ இறங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். கனடாவில் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே சுங்க அதிகாரி மடக்குக் கத்தியைக் கையில் வாங்கி மணிக்கட்டை ஓர் உதறு உதறிப் பார்ப்பார். அலகு அதில் திறந்துகொண்டால், பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும், அது தடைசெய்யப்பட்ட வகையில் சேர்ந்துவிடும். நன்றாக எண்ணெய் போட்டுத் தேய்ந்த பழைய கத்திக்கே இந்த ஆபத்து அதிகம்.

இனி தெரு. விஷயத்தின் நடுப்பகுதி இதுதான். அதற்குமுன் கத்தியின் உடற்கூறைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிச் சட்டம் தானாகப் புரியும்.

மடக்குக் கத்தியில் இரண்டு முக்கிய வகை. சாதாரண பேனாக்கத்தியில் அலகின் அடிப்பாகத்தை ஒரு வளைந்த எஃகுப் பட்டை அழுத்திக்கொண்டிருக்கும். அலகைத் திறந்தால் அந்த அழுத்தத்தில் நிற்கும். அலகின் முதுகில், அதாவது மழுங்கிய பக்கத்தில், அழுத்தினால் மடங்கிவிடும். பூட்டு எதுவும் கிடையாது. இரண்டாவது வகையில் அலகு முழுவதும் திறந்ததும் உள்ளே ஒரு கொக்கியோ தகடோ விழுந்து பூட்டிக்கொள்ளும். ஒரு பொத்தானை அமுக்கினாலோ, தகட்டை நகர்த்தினாலோ, வளையத்தைத் திருப்பினாலோதான் மறுபடி மடங்கும். உபயோகிப்பவருக்குப் பூட்டு ஒரு பாதுகாப்பு. அலகு விரல்மேல் மடங்காது. ஆனால் பல நாட்டுச் சட்டங்கள் இதை வேறு மாதிரி பார்க்கின்றன: பூட்டிய மடக்குக் கத்தி நிலையான அலகுள்ள கத்திக்குச் சமம், அதாவது குத்துவதற்கு ஏற்றது.

மூன்றாவது அம்சம் ஒரு கையால் திறக்க முடியுமா என்பது. அலகில் கட்டைவிரலுக்கு ஒரு குமிழோ துளையோ இருந்தால், ஒரு கையால் திறந்துவிடலாம். பழைய பாணிக் கத்திகளில் நகத்தை மாட்டி இழுக்க ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். திறக்க இரண்டு கையும் வேண்டும். நீளம், பூட்டு, ஒரு கை, பட்டன் கத்தியில் அலகைத் தள்ளும் சுருள்வில். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு நாடும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

பிரிட்டனின் விதி மேலுக்குத் தெளிவானது. 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, பொது இடத்தில் கூர்மையான எதையும் தகுந்த காரணமின்றி வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஒரே விலக்கு மடக்கும் பேனாக்கத்தி, அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேல் போகாதது. இந்த விலக்குக்குள் வரும் கத்திக்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. இதைப் படித்துவிட்டு "மூணு இஞ்சுக்குள்ள இருந்தா போதும்" என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது பூட்டில்தான். பூட்டிக்கொள்ளும் கத்தி எந்நேரமும் உடனே மடக்கக்கூடியது இல்லை, ஆகவே அது இந்த விலக்குக்குள் வராது என்று 1993-இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் முடிவு சொன்னது. சட்டத்தின் வாசகத்தில் பூட்டு என்று எதுவும் இல்லை, தீர்ப்பில்தான் இருக்கிறது. 2 அங்குல அலகாக இருந்தாலும் பூட்டு இருந்தால் தகுந்த காரணம் தேவை. அதை நிரூபிக்கும் பொறுப்பும் கத்தி வைத்திருப்பவருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டுச் சிறை.

இதன் விளைவைச் சில பிரபலமான கத்திகளை வைத்துப் பார்க்கலாம். சுவிஸ் கம்பெனியான விக்டோரினாக்ஸின் வழக்கமான சிவப்புக் கத்தி மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர்; அதில் பூட்டில்லை, வெட்டும் விளிம்பும் 3 அங்குலத்துக்குள். பிரிட்டனில் பிரச்சினை இல்லை. அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் பெரிய மாடல்களில் அலகு பூட்டிக்கொள்ளும். அதைக் காரணமின்றி வைத்திருந்தால் குற்றம். பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-இலிருந்து செய்யப்படும் மரக்கைப்பிடி ஒப்பினல் கத்தியைச் சுற்றுலாப் பயணிகள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்ட ஆசையாக வாங்குவார்கள். அதன் 8-ஆம் எண் மாடலின் அலகு 8.5 சென்டிமீட்டர், கழுத்தில் பூட்டு வளையம் வேறு. நீளத்திலும் தோற்கும், பூட்டிலும் தோற்கும். அதே ஒப்பினலின் 2 முதல் 5 வரையிலான சிறு எண்களில் வளையமே கிடையாது.

லெதர்மேன் என்ற பெயர் தெரிந்திருக்கும். டிம் லெதர்மேன் 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவையும் மத்தியக் கிழக்கையும் சுற்றும்போது, கையில் சாரணர் கத்தி இருந்தும் ஒரு குறடு இல்லையே என்று ஏங்கியதில் பிறந்த, குறடும் கத்தியும் ஒன்றாக மடங்கும் கருவி அது. பயணத்தில் பிறந்த அந்தக் கருவியின் இன்றைய மாடல்கள் பலவற்றில் அலகு பூட்டிக்கொள்கிறது, சிலவற்றில் ஒரு கையாலும் திறக்கிறது. லண்டன் தெருவில் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகும் வழியில் வைத்திருந்தால் அது காரணம். ஞாயிற்றுக்கிழமை மாலில் சுற்றும்போது "எப்பவும் பையில இருக்கும்" என்றால் அது காரணம் ஆகாது. மறந்துவிட்டேன் என்பதை மட்டும் சொன்னால் அதுவும் பொதுவாகப் போதாது.

ஜெர்மனி வேறு கோணத்தில் பார்க்கிறது. அங்கே ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவு 2008 முதல் நடைமுறையில் உள்ளது. 12 சென்டிமீட்டருக்கு மேல் நிலையான அலகுள்ள கத்தியையும், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியையும் நியாயமான தேவையின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது. இரண்டாவதற்கு நீள வரம்பே இல்லை. குட்டி அலகாக இருந்தாலும் ஒரு கையும் பூட்டும் சேர்ந்தால் தடை. இரண்டு கையால் திறக்க வேண்டியதாக இருந்தால் பூட்டு இருந்தாலும் இந்தப் பிரிவு தொடாது. ஆக, லண்டனில் மாட்டும் 8-ஆம் எண் ஒப்பினல் ஜெர்மனியின் இந்தப் பிரிவில் மாட்டாது. மாறாக, சுவிஸ் ராணுவமே 2009-இல் தன் வீரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய கத்தி ஒரு கையால் திறந்து பூட்டுவது. எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் வந்தால் அதைப் பையில் போட்டுத் திரிய முடியாது. மீறினால் 10,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2024 இலையுதிர் காலத்தில் ஜெர்மனி இதை இன்னும் இறுக்கியது. திருவிழாக்கள், விளையாட்டுப் போட்டிகள் போன்ற பொது நிகழ்ச்சிகளிலும், தொலைதூர ரயில், பஸ்களிலும் இப்போது எந்தக் கத்தியும் கையெட்டும்படி இருக்கக் கூடாது. பேனாக்கத்தியும் இதில் அடக்கம். பெர்லின், ஹாம்பர்க் போன்ற நகரங்கள் உள்ளூர் ரயில், பஸ்களிலும் தடை கொண்டுவந்திருக்கின்றன. அப்படியானால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மியூனிக் போகும் ரயிலில் கத்தியை எப்படிக் கொண்டு போவது? சட்டமே ஓர் அளவுகோல் கொடுக்கிறது: எடுப்பதற்கு மூன்று கை அசைவுகளுக்கு மேல் தேவைப்பட்டால் அது கையெட்டும் தூரத்தில் இல்லை. பெட்டியின் அடியில், ஜிப் போட்ட பைக்குள், இன்னொரு டப்பாவுக்குள் என்று வைத்தால் அதைத் தாண்டிவிடும். சின்னப் பூட்டு ஒன்று போட்டால் இன்னும் நல்லது.

பயணிகள் அதிகம் ஏமாறுவது ஜப்பானில் என்று நினைக்கிறேன். அமைதியான நாடு, சமையல் கத்திக்குப் பெயர்போன நாடு; சிறு மடக்குக் கத்தியை யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியை நியாயமான காரணமின்றி வெளியே எடுத்துப் போவதைத் தடுக்கிறது. பூட்டில்லாத சில மடக்குக் கத்திகளுக்கு 8 சென்டிமீட்டர் வரை சலுகை உண்டு. மீறினால் 2 ஆண்டுவரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். சரி, 5 சென்டிமீட்டர் என்றால் தப்பித்தோம் என்று நினைத்தால், அங்கே சிறு குற்றங்களுக்கான இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. காரணமின்றி மறைத்து வைத்திருக்கும் எந்தக் கத்தியும், எவ்வளவு சிறியதானாலும், அதில் வந்துவிடும். சாவிக்கொத்தில் உள்ளதும்தான். டோக்கியோவின் ஷின்ஜுகு, அகிஹபாரா போன்ற கூட்டமான இடங்களில் போலீஸ் சாதாரணமாகவே நிறுத்திப் பையைக் காட்டச் சொல்வதுண்டு. அகிஹபாராவில் 2008 ஜூனில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இரு பக்கமும் கூர்மையுள்ள, 5.5 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட குத்துவாள்களை வீட்டில் வைத்திருப்பதே 2009 முதல் தடையாகிவிட்டது.

அதே ஜப்பானில் டோக்கியோவின் கப்பாபாஷி தெருவிலோ ஒசாகா பக்கத்துச் சகாயிலோ அடி நீளச் சமையல் கத்தியைத் தாராளமாக வாங்கலாம். கடைக்காரர் பெட்டியில் போட்டுச் சுற்றிக் கொடுப்பார். வாங்கியதை விடுதிக்குக் கொண்டு போவது நியாயமான காரணம். பிரிக்காமல் நேராக அறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ரசீதையும் கூடவே வையுங்கள். அந்தப் பையோடு இரவு விருந்துக்குப் போய்விட்டு மெதுவாகத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள்.

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மவர்கள் அடிக்கடி போகும் ஊர்கள். இங்கே நான் சென்டிமீட்டர் கணக்கே சொல்லப்போவதில்லை. இரண்டு நாட்டிலும் தாக்குதல் ஆயுதங்களைப் பற்றி 1958-இல் வந்த சட்டத்தின் வழி ஒரே மாதிரி: சட்டப்படியான நோக்கமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது கடுங்குற்றம், தண்டனையில் சிறையோடு பிரம்படியும் சேர்ந்தது. ஓர் ஆப்பிளை வெட்டும் வசதிக்காக அந்த விவாதத்துக்குள் போகவே வேண்டாம். அங்கே பழம் வெட்டியே கிடைக்கும்.

அமெரிக்கா நேர் எதிர். ஊர்ப்புறங்களில் பாதிப்பேர் பாக்கெட்டில் மடக்குக் கத்தி இருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று எதுவும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் நகரத்துக்கு நகரம் மாறும். டெக்சாஸில் 5.5 அங்குலத்துக்கு மேல் உள்ள கத்தியைத்தான் சில இடங்களுக்குள் கொண்டு போகத் தடை. நியூயார்க்கில் உதறினால் திறக்கும் கத்திக்காகப் பல ஆண்டுகள் ஏராளமான பேர், குறிப்பாகக் கட்டட வேலை செய்பவர்கள், கைதானார்கள். 2019-இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் கட்டடங்களுக்குள் 2.5 அங்குலத்துக்குக் குறைந்த பேனாக்கத்தியைச் சட்டம் ஆபத்தான ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனாலும் வாசலில் இருக்கும் காவலர் உள்ளே விடாமல் இருக்கலாம். கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகிறவருக்கு வசதியாக இருக்கும் கத்தி, அடுத்த நாள் சுதந்திர தேவி சிலைக்குப் படகு ஏறும்போது பாரமாகிவிடும்.

பிரான்ஸ் தன் மண்ணின் பெருமையாக ஒப்பினல், லகியோல் மடக்குக் கத்திகளை விற்கிறது. ஆனாலும் நியாயமான காரணமின்றிக் கத்தியோடு திரிவதற்கு ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. இத்தனை சென்டிமீட்டர் வரை பாதுகாப்பு என்ற கோடு அங்கே கிடையாது. பூங்காவில் கூடையோடு உட்கார்ந்திருக்கும்போது அது சாப்பாட்டுக் கத்தி. நள்ளிரவில் மதுக்கூட வாசலில் அதே கத்தி போலீஸ் கண்ணுக்கு வேறாகத் தெரியும். சுவிட்சர்லாந்தோ தன் ஆயுதச் சட்டத்திலேயே சுவிஸ் ராணுவப் பேனாக்கத்தியும் அதுபோன்றவையும் ஆபத்தான பொருள் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. பையில் சிவப்புக் கத்தியோடு நிம்மதியாக நடக்கக்கூடிய நாடு அதுதான்.

காரணம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, கவனித்திருப்பீர்கள். எந்தக் காரணம் செல்லும்? முகாமிடுதல், மீன்பிடித்தல், வேலை, வாங்கிய கத்தியை வீட்டுக்குக் கொண்டு போதல், மத வழக்கம் ஆகியவை பல நாடுகளில் ஏற்கப்படும். சீக்கியர்கள் மத வழக்கப்படி அணியும் கிர்பான் என்ற குறுவாளுக்குப் பிரிட்டனின் சட்டம் வெளிப்படையாகவே இடம் கொடுக்கிறது. ஆனால் தற்காப்புக்காக என்ற பதில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏற்கப்படாது. அதைச் சொன்ன நிமிடம், பேனாக்கத்தியாக இருந்த பொருளை ஆயுதமாகவே வைத்திருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்குள் இருக்கும் பூட்டில்லாத கத்திகூட, ஒருவரைத் தாக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் தடைசெய்யப்பட்ட ஆயுதம்தான். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்புக்கு ஒரு கத்தி வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் உறவினர்கள் நம்மிடையே உண்டு. அக்கறைதான். ஆனால் அந்த அறிவுரை இந்த நாடுகளில் அவர்களைக் காப்பதைவிடக் காவல் நிலையத்துக்கு அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

போலீஸ் நிறுத்திக் கேட்டால் கையைப் பைக்குள் விடாதீர்கள். எங்கே இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். எடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும்.

பேனாக்கத்தியை விட்டுவிட்டுச் சமையலறைக்கு வருவோம். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் மகள் வீட்டுக்கு அரிவாள்மணையும் தேங்காய்த் துருவியும் எடுத்துப் போகும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். இவை செக்-இன் பையில் போகலாம். அலகின்மேல் கெட்டி அட்டையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பழைய துண்டு சுற்றுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் தேங்காய்ப் பூ ஒட்டாமல் கழுவிக் காயவைத்த பிறகுதான் வைக்க வேண்டும். உணவுத் துணுக்குகளை அந்த நாட்டு உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். விமான நிலையத்திலிருந்து பெட்டிக்குள்ளேயே வீடு போய்ச் சேரட்டும்.

எந்தக் கத்தியை எடுத்துப்போவது என்று கேட்டால், முதல் பயணத்துக்கு 58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் போன்ற சிறியதைச் சொல்வேன். அலகு 4 சென்டிமீட்டருக்குள், பூட்டில்லை, நகத்தால் திறக்க வேண்டும், கத்தரிக்கோலும் உண்டு. மேலே சொன்ன பிரிட்டன் விதியிலும் ஜெர்மனியின் 42அ பிரிவிலும் சிக்காது; ஜப்பானிலும் ஜெர்மன் ரயிலிலும் பெட்டியின் அடிக்குப் போய்விட வேண்டும். நாடுவிட்டு நாடு தாவும் நீண்ட பயணம் என்றால், நீங்கள் போகும் நாடுகளில் மிகக் கடுமையானது எதுவோ அதன் விதிக்கே கத்தியைத் தேர்ந்தெடுங்கள்.

கத்தியே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அலகில்லாமல் கத்தரி, குறடு, திருப்புளி மட்டும் உள்ள பயணக் கருவிகளை லெதர்மேன் முன்பே விற்றிருக்கிறது. 1884-இல் சுவிட்சர்லாந்தில் ஷ்விஸ் மாநிலத்தின் இபாக் கிராமத்தில் கார்ல் எல்செனர் தொடங்கிய விக்டோரினாக்ஸும், பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகுவதைக் காரணம் காட்டி, அலகில்லாத கருவியை உருவாக்கி வருவதாக 2024-இல் அறிவித்தது.

ஒருவேளை திரும்பும் விமானத்தில் கத்தி கைப்பையிலேயே வந்துவிட்டது, சோதனை மேசையில் பிடிபட்டுவிட்டது என்றால், வாக்குவாதம் வேண்டாம். நேரம் இருந்தால் வெளியே போய் அதைச் செக்-இன்னில் சேர்க்க முடியுமா என்று விமானக் கம்பெனி கவுன்டரில் கேளுங்கள். சில விமான நிலையங்களில் பிடிபட்ட பொருளை வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பும் சேவை உண்டு. வழியனுப்ப வந்தவர் இன்னும் வெளியே இருந்தால் அவரிடம் கொடுத்துவிடலாம். இதில் எதுவும் இல்லையென்றால் கத்தியை அங்கேயே விட்டுவிட்டு விமானத்தைப் பிடியுங்கள்.